கணிப்பொறிக்குள் ஒரு கல்லாப்பெட்டி

கல்லாச் சாவியை நாம் எல்லோர் கைக்கும் எட்டும்படி வைப்பதில்லை. கணிப்பொறியிலும் செல்போனிலும் இதே ஏற்பாடு உண்டு. ரகசியச் சாவிகளைத் தனிச் சில்லில் அல்லது பிராசசருக்குள்ளேயே ஒரு தனி அறையில் பூட்டி வைக்கிறார்கள்.

ஆனால் பூட்டு ஒரே தரமல்ல. செல்போன்களில் ஆர்ம் நிறுவனத்தின் டிரஸ்ட்ஜோன் பரவலாக உள்ளது. ஆப்பிள் 2013-ல் ஐபோன் 5எஸ் முதல் தனக்கெனச் 'செக்யூர் என்கிளேவ்' வைத்துக்கொண்டது. இன்டெல் 2015-ல் கொண்டுவந்த எஸ்.ஜி.எக்ஸ். முறையைப் பின்னர் சாதாரணக் கணிப்பொறிகளுக்கான பிராசசர்களில் கைவிட்டது. அதை நம்பியிருந்த 4கே புளூ-ரே படத்தட்டுகள் புதிய கணிப்பொறிகளில் ஓடாமல் போயின.

நம்மைத் தொடுவது டி.பி.எம். என்னும் பொதுத் தரம். 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 தேவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

ஆகவே பில் போடப் பழைய கணிப்பொறி வாங்குவோர் மலிவை மட்டும் பார்க்க வேண்டாம். டி.பி.எம். 2.0 உண்டா, இன்டெல் பிராசசர் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் குறையாததா என்று கேட்டு, விண்டோஸ் 11 ஓடுவதை நேரில் பார்த்தபின் பணம் கொடுப்பது நலம். கையிலுள்ள கணிப்பொறியில் டி.பி.எம். இல்லை என்று காட்டினால் உடனே கழிக்க வேண்டாம். பயாஸில் அது அணைக்கப்பட்டிருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டிய பிறகு முடிவெடுப்போம்.