மென்பொருளுக்குத் தேர்வு வைப்பவர்கள்

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் கற்பிப்பதால், ஒவ்வோர் ஆண்டும் பொதுத்தேர்வு முடிவுகள் வந்ததும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்ற வழக்கமான கேள்விகளோடு சில ஆண்டுகளாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. “சார், பையன் டெஸ்டிங் கோர்ஸ் சேரணும்னு சொல்றான். ஏஐ வந்துட்டதால அந்த வேலையே இருக்காதுங்கிறாங்களே, சேர்க்கலாமா?” இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அந்த வேலை என்னவென்று நமக்குத் தெரிந்தால்தான் நேர்மையான பதிலைச் சொல்ல முடியும். வினாத்தாள் தயாரித்து, விடைத்தாள் திருத்திப் பழகிய நமக்கு அது அந்நியமான வேலையும் இல்லை.

ஒரு சிறிய நிரலை எடுத்துக்கொள்வோம். மதிப்பெண்ணை உள்ளிட்டால் தேர்ச்சியா இல்லையா என்று அது சொல்ல வேண்டும். எழுதியவர் “35 அல்லது அதற்கு மேல்” என்று எழுதுவதற்குப் பதிலாக “35-க்கு மேல்” என்று எழுதிவிட்டார். 60 கொடுத்துப் பார்க்கிறோம், சரி. 20 கொடுத்துப் பார்க்கிறோம், அதுவும் சரி. ஆயிரம் மாணவர்களின் மதிப்பெண்களைக் கொடுத்தாலும், அவர்களில் ஒருவர்கூட மிகச்சரியாக 35 எடுக்காதவரை அந்தப் பிழை வெளியே தெரியாது. ஆகவே சோதனையாளர் முதலில் 34, 35, 36 ஆகிய மூன்றையும் கொடுத்துப் பார்ப்பார். பிழைகள் எல்லைக்கோட்டில்தான் அதிகம் ஒளிந்திருக்கும் என்பது அவர்களது தொழிலின் அரிச்சுவடி. பிறகு 0, 100, 101, குறை எண், வெற்றிடம் என்று தொடர்வார். தேர்வுக்கே வராத மாணவரும் 0 எடுத்த மாணவரும் ஒன்றா என்று கேட்பார். செய்முறைத் தேர்வு உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கெனத் தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டே, அது எங்கே என்றும் கேட்பார். நிரல் நான்கு வரிதான். கேள்விகளோ ஒரு பக்கத்துக்கு வரும்.

எல்லா உள்ளீடுகளையும் கொடுத்துப் பார்த்துவிடலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கணக்குப் போட்டுக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். இரண்டு 32 பிட் எண்களைக் கூட்டும் நிரலுக்குச் சாத்தியமான இணைகள் 2-இன் 64-ஆம் அடுக்கு. ஒரு நொடிக்கு 100 கோடி இணைகள் வீதம் சோதித்தாலும் முடிக்கச் சுமார் 585 ஆண்டுகள் ஆகும். வெறும் கூட்டலுக்கே இந்தக் கதி. எனவே எதைச் சோதிப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பதில்தான் திறமை இருக்கிறது. சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியுமே தவிர, பிழையே இல்லை என்று நிறுவ முடியாது என்பதை நெதர்லாந்தின் கணினி அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா வெகுகாலத்துக்கு முன்பே சுட்டிக்காட்டியிருக்கிறார்.

கணித ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. கிளென்ஃபோர்டு மையர்ஸ் என்பவர் 1979-இல் வெளியிட்ட மென்பொருள் சோதனை நூலின் தொடக்கத்திலேயே அது வருகிறது. மூன்று முழு எண்களைப் பக்க அளவுகளாகக் கொடுத்தால், அது சமபக்க முக்கோணமா, இருசமபக்க முக்கோணமா, அசமபக்க முக்கோணமா என்று ஒரு நிரல் சொல்லும். அதைச் சோதிக்க என்னென்ன எண்களைக் கொடுப்பீர்கள்? 3, 4, 5 கொடுப்போம். 5, 5, 5 கொடுப்போம். 1, 2, 3 கொடுக்கத் தோன்றுமா? இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாவது பக்கத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்ற தேற்றத்தைப் படித்த மாணவனுக்குத் தோன்ற வேண்டும். அதையே 3, 1, 2 என்று வரிசை மாற்றியும் கொடுக்க வேண்டும். 0, 0, 0-வும் வேண்டும். இப்படி 14 கேள்விகளைப் பட்டியலிட்ட மையர்ஸ், தகுதி மிக்க நிரலாளர்களே சராசரியாக 7.8 மதிப்பெண்தான் பெறுகிறார்கள் என்று எழுதியிருந்தார். நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதில் அவ்வளவு பின்தங்குவதில்லை என்பது என் அனுபவம்.

சோதனையில் ஒன்றைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏரியன் 5 ஏவூர்தியைச் சொல்லலாம். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து முதன்முறையாகக் கிளம்பிய அது, சுமார் 40 நொடிகளில் வெடித்துச் சிதறியது. ஏரியன் 4-இல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த திசையறியும் மென்பொருளை அப்படியே புதிய ஏவூர்தியிலும் வைத்திருந்தார்கள். புதியது வேகமானது. கிடைமட்ட வேகம் தொடர்பான ஒரு 64 பிட் மதிப்பை, அதிகபட்சம் 32,767 வரை மட்டுமே கொள்ளும் 16 பிட் இடத்தில் அடைக்க முயன்றபோது மென்பொருள் செயலிழந்தது. மாற்று ஏற்பாடாக இருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள்தான்; அதுவும் அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. ஏரியன் 5-இன் உண்மையான பறப்புப் பாதையை வைத்து அந்தக் கருவியை முன்கூட்டியே சோதித்திருந்தால் பிழை தரையிலேயே தெரிந்திருக்கும். இதில் என்னை அதிகம் வருத்துவது இன்னொரு செய்தி: பழுதான அந்தக் கணக்கீடு ஏரியன் 5 புறப்பட்ட பிறகு தேவையே இல்லாத ஒன்று.

அது பழைய கதை என்று சொல்ல முடியாது. 2024 ஜூலை 19-ஐ நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். புதிய கோப்பு 21-ஆவது விவரம் ஒன்றைப் பார்க்கச் சொன்னது. மென்பொருளுக்குத் தரப்பட்டிருந்தவையோ 20 விவரங்கள்தாம். முந்தைய சோதனைகளில் அந்த 21-ஆவது இடத்தில் ‘எதுவானாலும் சரி’ என்ற குறியீடே இருந்ததால் குறை வெளிப்படவில்லை. அதைவிட முக்கியமானது, புதுப்பிப்பைச் சில கணினிகளுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுப் பிறகு எல்லோருக்கும் அனுப்பும் வழக்கத்தை அந்தக் கோப்பு வகைக்குப் பின்பற்றாதது.

இந்த அவசரம்தான் இன்றைய தொழிலின் முதன்மையான மாற்றம். முன்பு ஒரு மென்பொருளை ஓராண்டு எழுதி, சில மாதங்கள் சோதித்து, குறுந்தகட்டில் வெளியிட்டார்கள். இன்று நம் கைப்பேசிச் செயலிகள் வாரந்தோறும் புதுப்பிக்கப்படுகின்றன. சில இணையச் சேவைகளில் ஒரே நாளில் பலமுறை மாற்றம் நடக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழையவை கெடாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்க்க நேரமில்லை. எனவே சோதனைகளையே நிரல்களாக எழுதி ஓட்டுகிறார்கள். 2004-இல் உருவான செலினியம் போன்ற கட்டற்ற கருவிகள் இதைப் பரவலாக்கின. ‘மேனுவல் டெஸ்டிங்’ மட்டும் தெரிந்தவர்களுக்கு வாய்ப்பு குறைந்துவருகிறது என்று சென்னையில் பணிபுரியும் என் முன்னாள் மாணவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

தானியங்கிச் சோதனைக்கும் தொல்லைகள் உண்டு. நிரலில் எந்த மாற்றமும் இல்லாதபோதே ஒருமுறை ‘தேர்ச்சி’ என்றும் மறுமுறை ‘தோல்வி’ என்றும் சொல்லும் சோதனைகள் இருக்கின்றன. தங்கள் சோதனைகளில் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இந்தத் தடுமாற்றம் ஓரளவேனும் இருப்பதாக 2016-இல் கூகுள் நிறுவனமே தெரிவித்தது. அடிக்கடி பொய்யாக அடிக்கும் மணியை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். உண்மையான ஆபத்தின்போதும் ‘அது எப்போதும் அப்படித்தான்’ என்று விட்டுவிடுவார்கள்.

இனி செயற்கை நுண்ணறிவு. இது நிரலும் எழுதுகிறது, அந்த நிரலுக்கான சோதனைகளையும் எழுதுகிறது. வேகத்தில் மனிதரால் போட்டியிட முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் விடை எழுதிய மாணவனிடமே விடைக்குறிப்பையும் தயாரிக்கச் சொன்னால் என்ன நடக்கும்? கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இரண்டிலும் அதே தவறுதான் இருக்கும். முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். நம் தேர்ச்சி நிரலையே எடுத்துக்கொண்டால், “35-க்கு மேல்” என்று எழுதிய அதே புரிதலோடு, 35 எடுத்தால் ‘தோல்வி’ என்பதே சரியான விடை என்று ஒரு சோதனையும் எழுதப்பட்டுவிடலாம். சரியான விடை எது என்று முடிவு செய்ய அரசாணையைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவைச் சோதிப்பதோ இன்னும் சிக்கலானது. ஒரே கேள்விக்கு இன்று ஒரு விதமாகவும் நாளை வேறு விதமாகவும் பதில் சொல்லும் கருவிக்கு விடைக்குறிப்பு ஏது? நேரடி விடை தெரியாத இடத்தில், விடைகளுக்கு இடையே இருக்க வேண்டிய உறவைச் சோதிக்கிறார்கள். ஒரு கடன் விண்ணப்பத்தில் வருமானம், வயது எல்லாவற்றையும் அப்படியே வைத்து, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் முடிவு மாறுகிறதா? மாறினால் ஏன்? இதைக் கேட்பதற்கு நிரலாக்கத்தைவிடச் சமூக அறிவு அதிகம் தேவைப்படுகிறது.

தமிழாசிரியர்களையும் இந்த இடத்தில் அழைத்தே ஆக வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்றால் ஒன்றாம் வகுப்புக் குழந்தை மூன்று என்று சொல்லும். பைத்தான் மொழியில் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று வரும். யூனிகோடில் ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியுமாக இரண்டு. ‘கிருஷ்ணமூர்த்தி’ நமக்கு எட்டெழுத்து, கணினிக்குப் பதினைந்து. பெயருக்குப் பத்து இடம் போதும் என்று ஒரு படிவத்தை வடிவமைத்தால் அவர் ‘கிருஷ்ணமூர’ ஆகிவிடுவார். குடும்பப் பெயர் கட்டாயம் என்று அடம்பிடிக்கும் இணையப் படிவங்களில் தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் தாங்கிய நம் பிள்ளைகள் படும்பாடு எல்லோருக்கும் தெரியும். ஓரெழுத்தை ஏற்க மறுக்கும் படிவம், புள்ளியைப் பிழை என்று சொல்லும் படிவம், எல்லாவற்றையும் நாம் பார்த்திருக்கிறோம். ஒரு சான்றிதழிலும் இன்னொன்றிலும் பெயர் ஒத்துவராமல் அலையும் மாணவருக்கு இது சிறிய பிழை இல்லை. தமிழ் தெரிந்த ஒரு சோதனையாளர் தொடக்கத்திலேயே அமர்ந்திருந்தால் இவற்றில் பல வெளியே வந்திருக்காது. பார்வைக் குறைபாடுள்ளவரின் திரைவாசிப்பான் அந்தப் பக்கத்தைச் சரியாகப் படிக்கிறதா என்ற சோதனையும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

தொழில்நுட்பத்தைவிடக் கடினமான சவால் ஒன்று உண்டு. கண்டுபிடித்த பிழையை மற்றவர்கள் கேட்க வேண்டும். பிரிட்டன் அஞ்சல் துறையில் 1999 முதல் பயன்படுத்தப்பட்ட ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருள், இல்லாத பணக்குறைவை இருப்பதாகக் காட்டியது. கிளை அஞ்சலகங்களை நடத்தியவர்கள் முறையிட்டுப் பார்த்தார்கள். கணினி சரியாகத்தான் இருக்கும், நீங்கள்தான் எடுத்திருப்பீர்கள் என்றே பதில் வந்தது. 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். மென்பொருள் நம்பகமானதாக இருக்கவில்லை என்று 2019-இல்தான் நீதிமன்றம் கூறியது. 2024-இல் தனிச்சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்கினார்கள். வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது, சோதனைக்கான நாள்களைத்தான் முதலில் குறைப்பார்கள் என்று என் மாணவி ஒருத்தி சொல்வாள். ‘இதை வெளியிடக் கூடாது’ என்று மின்னஞ்சல் எழுதும் துணிச்சலும் அந்த வேலையின் ஒரு பகுதி.

அப்படியானால் பெற்றோருக்கு நான் சொல்லும் பதில்: பொத்தான் அழுத்தும் வேலையாக நினைத்துச் சேர வேண்டாம். ஏதேனும் ஒரு நிரல்மொழி, தரவுத்தளம் பற்றிய அடிப்படை, தெளிவாக எழுதும் பழக்கம் ஆகிய மூன்றும் வேண்டும். பிழை அறிக்கை என்பது நம் ஆய்வகப் பதிவேடு மாதிரிதான்: என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன கிடைத்தது. ஐஎஸ்டிகியூபி அமைப்பின் அடிப்படைநிலைச் சான்றிதழ்த் தேர்வு 40 வினாக்கள், 60 நிமிடம், 26 எடுத்தால் தேர்ச்சி. அதற்கான பாடத்திட்டத்தை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். பெருந்தொகை கட்டினால் வேலை உறுதி என்று சொல்லும் மையங்களுக்குப் பணம் கட்டும் முன் ஒருமுறை என்னிடம் பேசுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

வகுப்பில் செய்து பார்க்கக் கணினிகூடத் தேவையில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு பாடவேளை கிடைத்தபோது, நகரப் பேருந்து நடத்துநர் கையிலுள்ள டிக்கெட் கருவியை எப்படிச் சோதிப்பீர்கள் என்று குழுக்களாகப் பிரித்து எழுதச் சொன்னேன். மகளிர் இலவசப் பயணச்சீட்டு, சில்லறை, கடைசி நிறுத்தத்தில் ஏறுபவர், கருவியில் சார்ஜ் தீர்ந்துபோனால் என்று பட்டியல் நீண்டது. பின்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் எழுதாமல் யோசித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் இல்லை, சரி; இன்றைக்குத்தான் ஐந்தாவது பிறந்தநாள் என்றால் டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று கேட்டாள். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ‘விதி தெளிவாக இல்லை, டெப்போவில் கேட்க வேண்டும்’ என்று தன் தாளில் எழுதிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள்.