வலியறியாப் பாதத்தை எப்படி வரைவது?

மாம்பழம் ஒன்றை வரையச் சொன்னால் உடனே வரைந்து விடுவீர்கள். காற்றை வரையச் சொன்னால் சற்றுத் தயங்கி, வளைந்தாடும் தென்னையை வரைவீர்கள். "வலி இல்லாமை"யை வரையச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

இது விடுகதை அன்று. வேலூர் நகரின் தெற்கே உள்ள பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கல்லூரி வளாகம் இருக்கிறது. அங்கே வரும் நோயாளிகளுக்குக் காட்ட, இரண்டு நிமிடம் ஓடும் விளக்கப் படம் ஒன்றை அனிமேஷன் முறையில் தயாரிக்கும் பொறுப்பு உங்களுக்குக் கிடைத்ததாக வைத்துக் கொள்வோம். உணர்ச்சி இழந்த பாதத்தைக் காப்பது எப்படி என்பதே பொருள். பார்க்கப் போகிறவர்கள் யார்? ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண், அணைக்கட்டுப் பக்கத்து விவசாயி, எழுத்தறியாத ஒரு பாட்டி. படத்தின் ஓவியப் பாணி எப்படி இருக்க வேண்டும்? அழகாக இருந்தால் மட்டும் போதுமா?

முதலில் விஷயத்தைத் தெரிந்து கொள்வோம்.

புண் ஏன் வருகிறது?

1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று அந்நாளில் மக்கள் நம்பினர். பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் கைகால்களை உன்னிப்பாகக் கவனித்தனர். நோய்க்கிருமி நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியைப் போக்குகிறது; சுட்டாலும் குத்தினாலும் தெரியாததால் காயம் மேல் காயம் பட்டுத்தான் விரல்கள் அழிகின்றன என்பது தெளிவாயிற்று. இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையால் தொழுநோய் குணமாகிறது. ஆயினும் முன்பே போன உணர்ச்சி பல சமயம் திரும்புவதில்லை. நீண்ட காலம் கட்டுக்குள் வராத நீரிழிவு நோயும் பாதங்களை இப்படியே மரத்துப் போகச் செய்யும்.

ஆணி குத்தினால்தான் ஆபத்து என்று எண்ணாதீர்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு காலை ஊன்றும்போது அவர் எடை 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் பரவினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 600 கிராம் எடை வீதம் தாங்க வேண்டும். அதே எடை 20 சதுர சென்டிமீட்டரில் மட்டும் விழுந்தால் சுமை மூன்று கிலோவாகிவிடும். ஒரு முறை மிதித்தால் ஒன்றும் ஆகாது. அதே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மிதித்தால் தோலுக்கடியில் சதை கன்றிப் புண்ணாகும். நமக்கு வலிக்கும், நம்மை அறியாமலே நடையை மாற்றிக் கொள்வோம். உணர்ச்சியற்றவரோ மாற்றாமல் நடந்துகொண்டே இருப்பார்.

ஆகவே படத்தில் காட்ட வேண்டியவை மூன்று: கண்ணுக்குத் தெரியாத அழுத்தம், சிறிது சிறிதாகச் சேரும் சேதம், வராத வலி. மூன்றையும் கேமராவால் பிடிக்க முடியாது. அனிமேஷன் படத்தின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

படமும் ஒரு மொழியே

படம் என்றால் எல்லோருக்கும் புரியும் என்று நாம் நினைக்கிறோம். 1976-ல் நேபாளத்தில் யூனிசெஃப் நிறுவனத்தின் துணையோடு ஓர் ஆய்வு நடந்தது. ஒரே பொருளைப் பல பாணிகளில் படமாக்கிக் கிராமத்து மக்களிடம் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார்கள். நிழல் தீட்டிப் பருமன் காட்டிய ஓவியங்களை அதிகம் பேர் அடையாளம் கண்டனர். பின்னணி முழுவதையும் நீக்கிய புகைப்படங்களும் நன்றாகவே புரிந்தன. பின்னணியோடு கூடிய சாதாரணப் புகைப்படம் அவற்றிற்குப் பின்தங்கியது. குச்சி மனிதர்களைப் போல மிகவும் சுருக்கி வரைந்தவை கடைசியில் நின்றன. அம்புக்குறியின் பொருளும் பலருக்கு விளங்கவில்லை. அம்புக்குறியைப் படிக்கவும் கற்றிருக்க வேண்டும் அல்லவா?

சுகாதார ஊழியர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு கதையும் உண்டு. மலேரியாவைப் பற்றிய படத்தில் கொசுவைத் திரை அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினார்களாம். "நல்ல வேளை, எங்கள் ஊர்க் கொசு இத்தனை பெரிதில்லை" என்று ஊரார் நிம்மதியாகப் போனார்களாம்! கதை எப்படியிருந்தாலும் பாடம் உண்மையானது. நரம்பைப் பெரிதாக்கிக் காட்ட விரும்பினால், முழுக் காலிலிருந்து தொடங்கி, பார்ப்பவர் கண் முன்பே மெல்ல மெல்ல அருகே செல்ல வேண்டும். திடீரென்று தாவக் கூடாது.

மீனா கற்றுத் தந்தது

1990-களில் யூனிசெஃப் தெற்காசியச் சிறுமிகளுக்காக 'மீனா' என்ற கார்ட்டூன் தொடரை உருவாக்கியது. அதன் ஓவியப் பொறுப்பை ஏற்றவர் ராம் மோகன். 1956-ல் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, டிஸ்னி நிறுவனத்திலிருந்து வந்த கிளேர் வீக்ஸ் என்பவரிடம் பயிற்சி பெற்றவர் அவர். இந்தியா, வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் மீனாவைத் தம் வீட்டுப் பெண்ணாக எல்லோரும் ஏற்க வேண்டும். புடவை கட்டினால் ஓரிடத்தில் அந்நியமாகும்; சல்வார் அணிந்தால் இன்னோரிடத்தில் அந்நியமாகும். ஆகவே மாதிரி ஓவியங்களை ஆயிரக்கணக்கான மக்களிடம் காட்டி, அவர்கள் சொன்னபடி திருத்திக்கொண்டே போனார்கள். இறுதியில் நீண்ட பாவாடை, நீண்ட மேற்சட்டை, தோளில் ஒரு துணி என்று முடிவாயிற்று. பாணியை முடிவு செய்வதில் ஓவியரின் மேசைக்குப் பார்ப்பவரின் திண்ணையும் துணை நின்றது.

நம் படத்துக்குப் பாணி

இனி பாகாயத்துப் படத்துக்கு வருவோம். பாத அழுத்தத்தை அறிய 'ஹாரிஸ் விரிப்பு' என்ற ரப்பர் விரிப்பு உண்டு. அதில் உயரம் வேறுபட்ட வரிமேடுகள் இருக்கும். மை தடவிக் காகிதம் வைத்து மிதித்தால், குறைந்த அழுத்தத்தில் உயர்ந்த மேடுகள் மட்டும் பதியும். அழுத்தம் கூடக்கூடத் தாழ்ந்த மேடுகளும் பதிந்து அவ்விடம் கறுக்கும். பிற்காலத்தில் அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனையில் பணியாற்றியபோது, அழுத்தம் மிகும் இடத்தில் உடைந்து சாயத்தைக் கசியவிடும் நுண்குமிழ்கள் கொண்ட காலுறையையும் பிராண்ட் பயன்படுத்தினார்.

நமக்கு வேண்டிய பாணி இதிலேயே கிடைத்து விடுகிறது. மங்கிய வெண்ணிறத் தரையில் ஒரு பாதச் சுவடு. ஒவ்வோர் அடிக்கும் அதில் ஓரிடம் சிறிது கறுக்கிறது. பத்தாவது அடியில் சாம்பல் நிறம், ஆயிரமாவதில் கருமை. மை என்றால் அழுத்தம் என்பது அம்புக்குறி இல்லாமலே புரியும். வலிக்கு வழக்கம்போலச் சிவப்பு தீட்டலாமா? கூடாது. சிவப்பு முதலில் வந்தால் அவருக்கு வலித்தது என்று பொருளாகிவிடும். உணர்ச்சியுள்ள காலில், நரம்பின் வழியே ஓர் ஒளிப்புள்ளி மேலே ஓடட்டும், முகம் சுளிக்கட்டும், கால் தூக்கப்படட்டும். மரத்த காலில் கறை கறுத்துக்கொண்டே போகட்டும். நரம்பு இருண்டே கிடக்கட்டும். முகமோ சிரித்தபடி இருக்கட்டும். அந்தச் சிரிப்பே எச்சரிக்கை. சிவப்பைக் கடைசியில் தோன்றும் புண்ணுக்கென்று சேமித்து வையுங்கள்.

செருப்பு? பளபளக்கும் வெளிநாட்டு ஷூவை வரைந்தால், "இது நமக்கில்லை" என்று பாட்டி எண்ணிவிடுவார். நுண்துளை ரப்பர் அட்டை வைத்த, வார் போட்ட செருப்பை வரையுங்கள். உணர்ச்சியற்ற பாதங்களுக்கு மருத்துவமனைகள் தந்துவரும் செருப்பு அதுதான். அது மெத்தென்று அமுங்கி எடையைப் பரப்பும்போது, மைக்கறை அகன்று வெளிறுவதைக் காட்டுங்கள்.

கோடுகள் எளிமையாக இருக்க இன்னொரு காரணமும் உண்டு. திரைப்படத்தில் விநாடிக்கு 24 பிரேம்கள். ஓர் ஓவியத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 ஓவியங்கள். இரண்டு நிமிடத்துக்கு 1,440. இடைப்பட்ட அசைவுகளை இன்று கணினி நிரப்பித் தரும். ஆனால் எதை வரைவது, எதை விடுவது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். பாதத்தின் நிழலும் பருமனும் இருக்கட்டும். பின்னணியில் சுவரும் நாற்காலியும் வேண்டாம்.

நீங்களும் செய்து பாருங்கள்

காலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் ஒரு முறை மிதியுங்கள். எந்த இடம் தரையில் படவில்லை என்று பாருங்கள். எடை முழுவதும் மற்ற இடங்களில்தான் இறங்குகிறது. அந்தச் சுவட்டை நான்கு கட்டங்களில், எழுத்தே இல்லாமல், கறை வளர்வதாக வரையுங்கள். வீட்டில் வயதான ஒருவரிடம் காட்டுங்கள். "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள், உங்கள் மனம் நோகாதிருக்கப் "புரிகிறது" என்றே சொல்வார். "இதில் என்ன நடக்கிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக்கொண்டு, பிறகு அழிப்பானை எடுங்கள்.