மறைப்புச் சொல்லின் ஆயுள்

மொழி சிந்தனையை எந்த அளவுக்கு வடிவமைக்கிறது என்ற கேள்விக்கு, எட்வர்ட் சபீர், பெஞ்சமின் லீ வோர்ஃப் ஆகிய அமெரிக்க மொழியியலாளர்களின் பெயரால் வழங்கும் கருதுகோள் இருவகை விடைகளைத் தருகிறது. சிந்தனையின் எல்லையை மொழியே வரையறுக்கிறது என்னும் கடும்வடிவத்தைப் பெரும்பாலான அறிஞர்கள் இன்று ஏற்பதில்லை. பழகிய சொற்கள் கவனத்தை ஒரு பக்கமாகத் திருப்புகின்றன என்னும் மென்வடிவத்துக்கே ஆதரவு மிகுதி. அரசியல் அதிகாரம் பயன்படுத்திக்கொள்வதும் இந்தத் திருப்பத்தைத்தான் என்பதற்கு நாஜி ஜெர்மனி தெளிவான சான்று.

1933 மார்ச்சில் தோன்றிய கோயபல்ஸின் பிரச்சார அமைச்சகம், எதை வெளியிட வேண்டும் என்பதோடு, எந்தச் சொல்லால் எழுத வேண்டும் என்பதையும் பத்திரிகைகளுக்கு நாள்தோறும் அறிவுறுத்தியது. அதன் விளைவைப் பதிவு செய்தவர் விக்டர் கிளெம்பரர். டிரெஸ்டனில் பேராசிரியராக இருந்து, யூதராகப் பிறந்த காரணத்தால் 1935இல் பதவி இழந்த அவர், செவியில் விழுந்த சொற்களை நாட்குறிப்பில் எழுதிவந்து, 1947இல் அவற்றின் அடிப்படையில் நூல் வெளியிட்டார். 'வெறிகொண்ட' என்று பொருள்படும், முன்பு இழிவாகவே வழங்கிய 'ஃபனாட்டிஷ்' என்ற சொல், அக்காலத்தில் வீரத்தையும் விசுவாசத்தையும் போற்றும் அடைமொழியானதை அவர் கவனித்தார். ஆட்சியை வெறுத்தவர்களின் பேச்சிலும், அது வேட்டையாடிய யூதர்களின் பேச்சிலுமேகூட அந்த மொழி புகுந்திருந்ததையும் குறித்துவைத்தார்.

இடக்கரடக்கல், அதாவது சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது, நாகரிகம் கருதி எல்லாச் சமூகங்களிலும் உள்ளது; நாஜி நிர்வாகம் அதைக் கொலைக்குப் பயன்படுத்தியது. 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் புறநகர்ப் பகுதியான வான்சேயில் கூடிய அதிகாரிகளின் கூட்டக் குறிப்பில், யூதர்களின் அழிப்பு 'கிழக்கே வெளியேற்றம்' என்றே இடம்பெற்றது. கோப்பைக் கையாண்ட எழுத்தருக்கும் ரயிலுக்கு நேரம் குறித்த அலுவலருக்கும் தம் கண்முன் இருந்தது வெறும் போக்குவரத்து வேலையே என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள இத்தகைய சொற்கள் வழிவிட்டன.

ஆயினும் மறைப்புச் சொல் நீடிப்பதில்லை. கொலையைக் குறித்த 'சிறப்பு நடத்துகை' என்ற தொடரின் உட்பொருள் பரவலாகத் தெரிந்துவிட்டதால், 1943இல் நாஜிக் கட்சியின் துணைப்படையான எஸ்.எஸ். அமைப்பின் புள்ளியியலாளர் கோர்ஹெர் தயாரித்த அறிக்கையிலிருந்து அதை நீக்கச் சொன்னார் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர். அந்த இடத்தில் மக்கள் கிழக்கே அனுப்பப்பட்டதாக எழுதப்பட்டது. மொழியால் சிந்தனையை முழுமையாகப் பூட்டிவிட முடியுமானால் சொல்லை மாற்ற வேண்டிய தேவையே எழுந்திருக்காது. எனவே, அதிகாரம் ஒரு சொல்லைக் கைவிட்டு அவசரமாக இன்னொன்றை நாடும்போது, பழைய சொல்லின் பொருளை மக்கள் கண்டுகொண்டார்கள் என்றே அதற்கு அர்த்தம்.