எஃகுத் தொழிலும் பாதுகாப்பு வரியும்

எஃகு உற்பத்தியில் நமது தேசம் உலகத்தில் இரண்டாவது ஸ்தானம் வகிக்கிறது. 2018-ம் வருஷத்தில் ஜப்பானை முந்திக்கொண்டு இந்த ஸ்தானத்தை அடைந்தோம். 2024-25-ம் வருஷத்தில் நமது உலைகள் வார்த்த எஃகு 15 கோடி டன்னுக்கு மேல். சுதந்திரம் வந்த காலத்தில் தேசம் முழுவதும் சேர்ந்து வருஷத்துக்குச் சுமார் 10 லக்ஷம் டன்தான் செய்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால், இது பெருமைப்படத்தக்க விஷயமே. ஆனால் பெருமையோடு கூட மற்றொரு கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2023-24-ம் வருஷத்தில் நாம் ஏற்றுமதி செய்த எஃகுச் சரக்கு சுமார் 75 லக்ஷம் டன்; இறக்குமதி செய்தது சுமார் 83 லக்ஷம் டன். அதற்கடுத்த வருஷத்தில் ஏற்றுமதி 50 லக்ஷம் டன்னுக்குக் கீழே இறங்கிவிட்டது. இறக்குமதியோ 95 லக்ஷம் டன்னை எட்டியது. ஊரிலேயே பெரிய கொல்லுலை வைத்திருப்பவன் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்க அடுத்த ஊருக்குப் போவது போல இருக்கிறது இந்த நிலைமை.

15 கோடியில் 95 லக்ஷம் எம்மாத்திரம் என்று சிலர் கேட்கக்கூடும். அளவைப் பார்த்தால் அற்பந்தான். ஆனால் சந்தையில் விலையை நிர்ணயிப்பது கடைசியாக வந்து நிற்கும் மூட்டையே என்பது வியாபாரிகள் அனைவரும் அறிந்த உண்மை. துறைமுகத்தில் வந்து இறங்கும் சுருள் தகடு டன்னுக்கு 2,000 ரூபாய் மலிவாயிருந்தால், உள்நாட்டு ஆலைக்காரரும் அந்த விலைக்கு இறங்கியே தீரவேண்டும். சீன தேசம் 2024-ம் வருஷத்தில் வெளிநாடுகளுக்கு அனுப்பிய எஃகு மாத்திரம் 11 கோடி டன் என்றால், இந்த மூட்டையின் கனத்தை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அமெரிக்கா 2025-ம் வருஷத்தில் அந்நிய எஃகுக்கு முதலில் 25 சதவிகிதமும், பின்னர் 50 சதவிகிதமும் வரி போட்டுத் தன் வாசலை அடைத்துக்கொண்டது. ஒரு வாசல் அடைபட்டால் வெள்ளம் மற்றொரு வாசலைத் தேடும். சுங்கமற்ற வியாபாரமே நாகரிகத்தின் உச்சம் என்று நமக்கு ஐம்பது வருஷம் உபதேசம் செய்தவர்கள் இப்போது அந்தப் புஸ்தகத்தை மூடிப் பரணில் போட்டுவிட்டார்கள் போலும்.

இந்நிலையில் இந்திய சர்க்கார் 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அந்நியத் தகடு வகைகளின்மீது 12 சதவிகிதம் பாதுகாப்பு வரி விதித்தார்கள். முதலில் 200 நாளைக்கு என்று இருந்ததைப் பின்னர் மூன்று வருஷத்துக்கு ஸ்திரப்படுத்தி, முதல் வருஷம் 12, இரண்டாம் வருஷம் 11½, மூன்றாம் வருஷம் 11 என்று படிப்படியாய்க் குறைத்தும் வைத்திருக்கிறார்கள். ஜப்பானோடும் தென் கொரியாவோடும் நாம் முன்னரே செய்துகொண்டிருக்கும் உடன்படிக்கைகளின்படி அத்தேசங்களின் எஃகு பெரும்பாலும் சாதாரண சுங்கமின்றி உள்ளே வந்துகொண்டிருந்தது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். முன்வாசலுக்குக் காவல் போட்டுப் புழக்கடையைத் திறந்து வைத்த கதையாக அது இருந்தது. ஆகவே வரி விதித்தது சரியே என்பது நமது அபிப்பிராயம். தேசீய மூலாதாரத் தொழிலொன்றை அந்நியரின் மிகுதிச் சரக்குக்குப் பலி கொடுக்க எந்தச் சுதந்திர தேசமும் சம்மதியாது.

ஆனால் வரியைச் செலுத்துவது யார்? சீனத்து முதலாளி அல்ல. மாதவரத்துப் பட்டறைக்காரர்.

மாதவரம் நமது நகரத்தின் வடக்கு வாசல். அதன் ரவுண்டானா வழியாக இரவு பகலென்று பாராமல் தகட்டுச் சுருள்களும், முறுக்குக் கம்பிகளும், ஆங்கிள்களும் ஏற்றிய டிரெய்லர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஜார்ஜ் டவுன் சந்துகளில் நெருக்குண்டு கிடந்த இரும்பு வியாபாரத்தை வெளியே கொண்டுவருவதற்காக அமைத்த சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டு இங்கிருந்து கிட்டத்தில்தான் இருக்கிறது. வடக்கே கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகள். கிழக்கே எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் செய்து பெயரெடுத்த பெரிய தொழிற்சாலைகள். இவற்றுக்கு இடையே தண்ணீர்த் தொட்டி, இரும்புக் கதவு, லாரிப் பாடி, யந்திர உறுப்பு முதலியவை செய்யும் சிறு பட்டறைகள் எண்ணற்றவை. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் இரண்டு பாதைகள் மாதவரத்திலிருந்தே புறப்படுகின்றன. 2022-ம் வருஷத்தில் சுரங்கம் தோண்டத் தொடங்கியதும் இங்கேதான். பெரிய கம்பெனி ஆலையோடு நேரே பேசி வருஷ ஒப்பந்தம் செய்துகொள்ளும். சிறு பட்டறைக்காரரோ சாத்தாங்காட்டில் அன்றைக்குச் சொன்ன விலைக்கு வாங்க வேண்டியவர். அவர் மாதம் 10 டன் தகடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரியின் பலனாக உள்நாட்டு விலை டன்னுக்கு 3,000 ரூபாய் ஏறினால், வருஷத்தில் அவருக்கு அதிகச் செலவு 3 லக்ஷத்து 60 ஆயிரம் ரூபாய். இரண்டு தொழிலாளிகளின் சம்பளம் அதற்குள் அடங்கிப்போகும். சர்க்காருக்கு இது தெரியாத விஷயமல்ல. 2022-ம் வருஷம் மே மாதத்தில் விலை மிஞ்சிப் போனபோது எஃகு ஏற்றுமதிக்கு அவர்களே 15 சதவிகிதம் வரி போட்டு, நவம்பரில் எடுத்தார்கள்.

இந்தத் தகராறு புதிதன்று. டாட்டா கம்பெனி 1907-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஸ்தாபிக்கப்பட்டது. லண்டன் முதலாளிகள் கைவிரித்த பிறகு, சுதேசி அலை வீசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் நம்மவரில் சுமார் எண்ணாயிரம் பேர் மூன்று வாரத்துக்குள் பங்கு மூலதனத்தைக் கொட்டிக் கொடுத்தார்கள். அதற்கு முந்தின வருஷத்தில்தான் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனி பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் திரட்டிக்கொண்டிருந்தது. கப்பலை நசுக்கிவிட்டார்கள்; உலை பிழைத்தது. இந்தியர் செய்யும் தண்டவாளம் ஒவ்வொரு ராத்தலையும் தாமே தின்றுவிடுவதாக ரயில்வே போர்டுத் தலைவர் சர் பிரடெரிக் அப்காட் பரிகாசம் செய்தார் என்று சொல்வதுண்டு. 1912-ல் ஜாம்ஷெட்பூரில் எஃகு வார்த்தாயிற்று. முதல் மகா யுத்தத்தில் மெஸபொடேமியாவில் பிரிட்டிஷார் போட்ட ரயில் பாதைக்கு அந்தத் தண்டவாளமே போயிற்று. துரை எதையும் தின்றதாகத் தகவல் இல்லை.

யுத்தம் முடிந்ததும் ஐரோப்பிய எஃகு மலிந்து வந்து குவிந்தது. சர் தோராப்ஜி டாட்டா தமது சொந்தச் சொத்தை ஈடு வைத்துக் கம்பெனியைக் காக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் 1924-ம் வருஷத்து எஃகுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டத்தில் வக்கீல்கள் கவனிக்கத்தக்க ஓர் அம்சம் உண்டு. சுங்க வரியோடு மாத்திரம் நிற்காமல், தண்டவாளத்துக்கு நேரடியாகச் சன்மானத் தொகையும் கொடுத்தார்கள். முதல் வருஷம் டன்னுக்கு 32 ரூபாய், அடுத்த வருஷம் 26, அதற்கடுத்த வருஷம் 20. பொக்கிஷத்திலிருந்து இத்தனை ரூபாய் போகிறது என்பது ஜனங்களுக்குத் தெரிந்தது. சுங்க வரியின் பாரமோ சரக்கின் விலைக்குள் ஒளிந்துகொள்ளும். தொழிலாளர் பிரதிநிதி என். எம். ஜோஷி போன்றவர்கள், ஜனங்கள் கம்பெனியைப் பாதுகாக்கும்போது கம்பெனி தொழிலாளரைப் பாதுகாக்க வேண்டாமா என்று இந்தியச் சட்டசபையிலேயே வழக்காடினார்கள். இன்றைய வரியைப் பற்றி அவ்விதமான கேள்வி நமது பிரதிநிதிகள் வாயிலிருந்து போதுமான அளவு வந்ததாகத் தோன்றவில்லை. 1927-ல் அதே சட்டத்தைப் புதுப்பித்தபோது பிரிட்டிஷ் எஃகுக்கு மட்டும் குறைந்த வரி என்று ஏகாதிபத்தியச் சலுகையைப் புகுத்தியதையும் சொல்லிவைக்கிறோம். பாதுகாப்பு என்ற பெயரில் யார் பாதுகாக்கப்படுகிறார் என்பதை ஷரத்து ஷரத்தாய்ப் படித்தால்தான் விளங்கும்.

சுதந்திரத்துக்குப் பின் பிலாய், ரூர்க்கேலா, துர்க்காபூர் ஆலைகள் எழுந்தன. அத்துடன் நமது மாகாணத்துக்கு நேரே பலன் தந்த ஓர் ஏற்பாடும் வந்தது. 1950-களில் தொடங்கிய சரக்குக் கட்டணச் சமன்பாட்டுத் திட்டத்தின்படி, ஜாம்ஷெட்பூரில் எஃகு விற்கும் விலையும் சென்னையில் விற்கும் விலையும் ஒன்றாயின. ரயில் கட்டணத்தைத் தேசம் முழுவதும் பங்கிட்டுக்கொண்டது. தாதுவும் நிலக்கரியும் இல்லாத இந்த வடசென்னைக் கரையில் யந்திரத் தொழில் வேரூன்றியதற்கு அது பெரிய உதவி. பீஹார்க்காரர்கள் இதைத் தங்கள் மண்ணுக்கு இழைத்த அநீதி என்கிறார்கள்; அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதை, லாபம் அடைந்த நாமே ஒப்புக்கொள்வதுதான் மரியாதை. 1992-ம் வருஷம் ஜனவரியில் விலைக் கட்டுப்பாடும் இந்தச் சமன்பாடும் நீங்கின. அது முதல் மாதவரத்துப் பட்டறைக்காரர் தூரத்துக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார். இப்போது வரிக்கும் சேர்த்து.

அவருக்குப் பக்கத்திலேயே எஃகு கிடைக்க வழியில்லையா என்றால், நம்மிடம் தாது இல்லாமலில்லை. சேலத்துக் கஞ்சமலையின் இரும்பு உலகப் பிரசித்தம். 1830-ம் வருஷத்தில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் கும்பினி உத்தியோகஸ்தர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவி, சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து மரக்கரியால் உருக்கினார். காடு அழிந்து கரி அகப்படாமல் தொழில் நொடித்தது. ஹீத் ஷெபீல்டுக்குப் போய் மாங்கனீஸ் கலந்து எஃகு செய்யும் முறைக்கு 1839-ல் காப்புரிமை பெற்றார். மற்றவர்கள் அதைக் கையாண்டு செழிக்க, அவர் கோர்ட்டு வாசலில் அலைந்து 1851-ல் காலமானார். 1967-ம் வருஷத்தில் அண்ணாதுரை சேலம் உருக்காலைக்காக எழுச்சி நாள் நடத்தினார். 1970-ல் அஸ்திவாரம் போட்டு, 1981-ல் உற்பத்தி துவங்கியது. ஆனால் வந்தது கஞ்சமலைத் தாதுவை உருக்கும் ஆலையன்று. வெளியிலிருந்து வந்த துருப்பிடியா எஃகைத் தகடாக உருட்டும் ஆலை. கஞ்சமலைத் தாதுவில் இரும்பு அம்சம் 35, 40 சதவிகிதந்தான் என்பது ஒரு காரணம்.

ஹீத்தைக் கவிழ்த்தது கரி. இன்றும் நமது தொழிலின் பலவீனம் கரியே. ஊது உலையில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் ஒன்றரை டன் தாதுவும் முக்கால் டன் கோக் செய்யும் நிலக்கரியும் வேண்டும். தாது நம்முடையது, அந்த நிலக்கரியில் பெரும்பகுதி, வருஷத்துக்கு 5 கோடி டன்னுக்கு மேல், ஆஸ்திரேலியா முதலிய தேசங்களிலிருந்து வருகிறது. அங்கே ஒரு புயல் அடித்தால் இங்கே கம்பி விலை ஏறும். சுங்க வரி இந்த வியாதிக்கு மருந்தாகாது. விசாகப்பட்டினத்து ஆலையின் கதை வேறு: அதற்குச் சொந்தத் தாதுச் சுரங்கமே கிடையாது, நொடிந்துபோன அதற்கு 2025-ம் வருஷம் ஜனவரியில் 11,440 கோடி ரூபாய் கொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

எண்ணூர்க் கரையில் இதற்கெல்லாம் ஒரு சாக்ஷி நிற்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து பல வருஷங்கள் பெல்லாரி, ஹோஸ்பேட்டைத் தாது கப்பலேறிப் போயிற்று. அதன் செந்தூளையும் நிலக்கரிக் கருந்தூளையும் ராயபுரத்து ஜனங்கள் சுவாசித்தார்கள். 2011-ல் ஹைகோர்ட்டு உத்தரவால் இரண்டையும் அங்கே கையாளுவது நின்றது. அதற்கு மாற்றாக எண்ணூர்த் துறைமுகத்தில் வருஷம் 60 லக்ஷம் டன் தாது ஏற்றத் தனித் தளம் கட்டினார்கள். அது தயாராகும் தருணத்தில் கர்நாடக சர்க்கார் தாது ஏற்றுமதியைத் தடுத்தார்கள். பெல்லாரிச் சுரங்கங்களைச் சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தியது. தளம் வருஷக் கணக்கில் சும்மா கிடந்து, பிறகு நிலக்கரி இறக்கும் தளமாக மாறியது.

தற்போதைய வரி 2028-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் முடிவடைய வேண்டும். முடிவதற்கு முன் ஆலைக்காரர் மறுபடியும் டில்லிக்குப் போய் நீடிக்கச் சொல்வார்கள். 1924-க்குப் பின்னும் அதுவே நடந்தது. அதற்கு முன்பாகவே வடசென்னைப் பட்டறைக்காரர்கள் சங்கமாய்க் கூடி, 2025-ம் வருஷம் ஏப்ரல் முதல் மாதந்தோறும் சாத்தாங்காட்டில் தாங்கள் கொடுத்த விலையை ரசீதோடு தொகுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வரியினால் ஆலைகளுக்கு வந்த லாபத்தில் எவ்வளவு புதிய உலைகளுக்குப் போயிற்று, எவ்வளவு பங்குதாரருக்குப் போயிற்று, சிறு தொழிலுக்கென்று எத்தனை டன் என்ன விலைக்கு ஒதுக்கினார்கள் என்ற மூன்று கேள்விகளை, நமது பிரதிநிதிகள் அந்த ரசீதுகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்லிமெண்டில் கேட்கட்டும்.