கறுப்புப் புள்ளி விழுந்த உப்பு

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடற்கரைக்குப் பக்கம். பத்து வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் 'இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பு' என்று ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். தயிர் சாதத்தில் கறுப்பாகப் புள்ளி தெரிந்தது. 'ஐயய்யோ, கெட்டுப்போன உப்பு' என்று அத்தனையையும் சாக்கடையில் கொட்டினேன்.

அந்த வருஷமே, பத்தாவது படித்த என் மகள் பள்ளிப் பிரேயரில் மயங்கி விழுந்தாள். ஹீமோகுளோபின் 8 தான் இருந்தது. பல மாதம் மாத்திரை சாப்பிட்டுத் தேறினாள். பிறகு கல்லூரியில் ஊட்டச்சத்துப் படிப்பையே எடுத்தாள். ஒருநாள் சமையலறையில் நின்றுகொண்டு, "அம்மா, அன்னிக்கு நீ கொட்டினது அழுக்கு இல்லம்மா, இரும்புச் சத்து" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

அவள் சொல்லித்தான் டாக்டர் பி.எஸ். நரசிங்க ராவ் பற்றித் தெரிந்துகொண்டேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் விஞ்ஞானி. ஏழை, பணக்காரர் எல்லார் வீட்டிலும் தினம் சேர்வது உப்பு. அதிலேயே இரும்பைச் சேர்த்தால் என்ன என்று ஆராய்ந்தவர். சொல்வது சுலபம். கரையும் இரும்பைப் போட்டால் ஈரத்தில் உப்பு துருநிறம் ஆகிவிடும். நிறம் மாறாத இரும்பைப் போட்டால் உடம்பில் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவே வழி கண்டு, 1 கிராம் உப்பில் 1 மில்லிகிராம் இரும்பு சேர்த்தார்கள். கிராமங்களோடு நம் சென்னையிலும் மக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தசோகை குறைந்ததாக 1982-ல் முடிவு வெளியானது.

அதோடு அயோடினையும் சேர்ப்பது அடுத்த தலைவலி. இரும்பு பட்டால் அயோடின் பறந்துவிடும். இரும்புத் துகளுக்கு மேல்பூச்சுப் பூசி இரண்டையும் பிரித்து வைக்கும் வழிக்கு, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த வெங்கடேஷ் மன்னாரும் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் லெவன்டே டயோசடியும் பாடுபட்டார்கள். இத்தனை பேர் உழைப்பை நான் ஒரு நிமிஷத்தில் சாக்கடையில் விட்டேனே!

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. சகோதரிகளே, இந்த உப்பு மருந்து இல்லை. சத்து என்று கூடுதலாக அள்ளிப் போடாதீர்கள்; டாக்டர் தந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். ஜாடியை இறுக மூடி வையுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், இரும்பு உடம்பில் சேராது.

புள்ளியைப் பார்த்து என்னைப் போல அவசரப்படாதீர்கள். பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள்.

– ஒரு வாசகி, திருவொற்றியூர்