பாலத்தின் கீழே ஒரு பாய்மரம்

மான்குர்த் நிலையத்தை விட்டு வாசியை நோக்கிப் புறப்படும் மின்சார ரயில் சிறிது நேரம் நீரின்மேல் ஓடுகிறது. காலையில் பார்த்தவருக்கு அது கடல். மாலையில் திரும்பும்போது அதே இடம் கருஞ்சேற்று வெளி. 1992 வரை தண்டவாளம் மான்குர்த்தோடு முடிந்திருந்தது. பாதை வாசிக்கு நீண்ட பின்னரே இக்காட்சி அன்றாடப் பயணிகளுக்குக் கிடைத்தது; சன்னலோரம் இடம் பிடித்தவர்களைச் சொல்கிறோம்.

ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் தாணே கழி பார்வைக்கு ஆறு. வடமுனையில் உல்லாஸ் ஆற்றோடு ஒரு குறுகிய தொடர்பும் உண்டு. ஆயினும் இதன் நீரை நடத்துவது கடலே. மராத்தியில் இதனைக் 'காடி' என்பர். புளித்த நீரைக் காடி என்று வழங்கும் தமிழ்க் காதுக்கு அச்சொல் முதலில் வேடிக்கையாகவே படும். நீர் ஏறுவது 'பர்தி', வற்றுவது 'ஓஹோட்டி'. இரண்டாம் சொல்லின் பொருளை நாங்கள் நன்றாகவே கற்றுக்கொண்டோம்.

ஜனவரியில், முழுநிலாவுக்கு மறுநாள், பாலங்களுக்குத் தெற்கே உள்ள ஒரு மீனவர் துறையிலிருந்து கோளி மீனவப் பெரியவர் ஒருவரின் சிறு படகில் புறப்பட்டோம். இன்று இங்கே பெரும்பாலான படகுகள் இயந்திரத்தால் ஓடுபவை. இவரோ வீட்டில் சுருட்டி வைத்திருந்த பழைய பாயை எங்களுக்காக எடுத்து வந்திருந்தார். பாலங்களுக்கு வடக்கே உள்ள பகுதி 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆகவே வனத்துறை அனுமதியை முன்னரே பெற்றிருந்தோம்.

பிச்சாவரத்தில் படகேறிய பழக்கம் இங்கே உதவாது. தமிழகத்தின் கீழைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர் அளவே வேறுபாடு. மும்பைக்கு எதிரே கடலடி வெகுதூரம் ஆழமின்றிப் பரந்திருப்பதால் ஓதம் இங்கே உயர்ந்து எழுகிறது. முழுநிலா, அமாவாசையை ஒட்டிய நாள்களில் வேறுபாடு நான்கு மீட்டரையும் கடக்கும். அந்நீர் ஒரே சீராக இறங்குவதுமில்லை. வற்றும் ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் இறங்குவது பன்னிரண்டில் ஒரு பங்கு. இரண்டாம் மணியில் இரண்டு பங்கு. மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று பங்கு. நான்கு மீட்டர் ஓதமெனில் மூன்றாம் மணியில் மட்டும் ஒரு மீட்டர் நீர் போய்விடும்.

காலை எட்டு மணிக்கு ஏறுநீர் எங்களை வடக்கே கொண்டு சென்றது. வடகிழக்கிலிருந்து வந்த நிலக்காற்றில் பாய் புடைத்தது. இருமருங்கும் வெண்கண்டல் காடு; நண்பகல் உச்ச ஓதத்தில் அதன் மூச்சுவேர்கள் முழுதும் மூழ்கியிருந்தன. பூநாரை ஒன்றுகூட இல்லை. நீர் நிறைந்திருக்கும்போது அவை நவி மும்பைப் பக்கத்துச் சதுப்புக் குட்டைகளில் ஒதுங்கிக் காத்திருக்குமாம். சேறு வெளிப்பட்டால்தான் அவற்றுக்கு உணவு.

ஒன்றரை மணிக்கு மேல் அவை வந்தன. முதலில் இளஞ்சிவப்புக் கோடு ஒன்று, பிறகு நூற்றுக்கணக்கில். அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் அளைந்து நுண்பாசியை வடிகட்டி உண்ணும் சிறு பூநாரைகள். கரையை நெருங்கச் சொன்னோம். பெரியவர் மறுத்தார். மீண்டும் கேட்டோம். அது எங்கள் பிழை.

இரண்டு மணி கடந்ததும் படகின் அடியில் மெல்லிய உரசல். "ஓஹோட்டி!" என்று அவர் எழுந்தார். அந்த ஒரு சொல்லில் கணக்கு முழுவதும் இருந்தது. நீர் வேகமாக இறங்கும் மூன்றாம் மணி தொடங்கிவிட்டது. அங்கே சிக்கினால் அதே அளவு நீர் திரும்ப இரவு பத்து மணி ஆகும். இறங்கித் தள்ளவும் வழியில்லை. மனிதரை இடுப்புவரை விழுங்கும் சேறு. உச்ச ஓதத்திலேயே தட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அடுத்தடுத்த ஓதங்கள் சிறுத்துக்கொண்டே போகும் நாள்களில், படகு மீண்டும் மிதக்க அடுத்த பெரிய ஓதம்வரை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரம், காத்திருக்க நேரலாம்.

பாயை இறக்கினார். எங்கள் அனைவரையும் ஒரே பக்கமாக உட்காரச் சொன்னார். படகு சரிந்தது, அடிக்கட்டை சேற்றிலிருந்து சற்றே விடுபட்டது. மூங்கிற் கழியை ஊன்றித் தள்ளினார். அசையவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை, ஒரு நீண்ட உறிஞ்சலோடு சேறு எங்களை விட்டது.

திரும்பும்போது பிற்பகலின் வடமேற்குக் காற்று துணையாயிற்று. ஆனால் வற்றுநீர் படகைத் தூண்களை நோக்கி இழுத்தது. 1973-இல் திறக்கப்பட்ட பாலம், 1997-இல் வந்தது, ரயில் பாலம் என்று ஒவ்வொன்றின் தூணைச் சுற்றியும் நீர் சுழன்றது. பாயை மீண்டும் சுருட்டித் துடுப்பினால் நடுவழி பிடித்தார். தலைக்குமேல் மான்குர்த் செல்லும் ரயில் அதிர்ந்து போயிற்று.

துறையின் கடைசிப் படியை விட்டு நீர் விலகியிருந்தது. கணுக்கால் புதையச் சேற்றில் நடந்து கரையேறினோம். பெரியவர் எங்களுக்குக் கால் கழுவ ஒரு குடம் நன்னீர் கொடுத்துவிட்டு, பாயை விரித்து உலர்த்தப் போனார்.