புதிய ஆட்டமும் பழைய ஆட்டமும்

ஜெர்மனியின் எஸன் நகரில் 1983ஆம் ஆண்டு தொடங்கிய விளையாட்டுக் கண்காட்சியில், மக்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து புதிய பலகை ஆட்டங்களை ஆடிப் பார்க்கின்றனர். விதிகளை விளக்க அருகே ஒருவர் இருப்பார்.

திருவனந்தபுரத்தில் வளரும் நம் சிறுவர் பலருக்கு ஆடுபுலி ஆட்டமும் புதிய ஆட்டமே! 3 புலிகளை 15 ஆடுகள் ஒன்றுகூடி மடக்கும் சூழ்ச்சி அதில் உண்டு. பல்லாங்குழியோ 14 குழிகளில் காய்களை எண்ணி இடும் கணக்கு. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயிலும் பிள்ளைகள், பாட்டியிடம் விதி கேட்கையில் தமிழையும் கேட்கின்றனர்.

ஆதலின் அன்பர்களே, அடுத்த குடும்பக் கூடலில் புதிய ஆட்டங்களோடு இவற்றையும் விரிப்போம். மலையாள அண்டை வீட்டாரையும் அழைப்போம். செலவு பெரிதன்று: தரையில் சுண்ணக்கோடு, கைப்பிடிப் புளியங்கொட்டை. விளக்கிச் சொல்லப் பெரியோர் முன்வருவதே வேண்டும். அவர்கள் சொல்லாவிடில், நம் இல்லங்களில் அவ்விதிகள் அவர்களோடு மறைந்துபோம்.